‘கொலம்போ’வின் முதல் எபிசோட்: கொலையாளி யார் என்று தெரிந்தபின் என்ன சஸ்பென்ஸ்?

டைப்ரைட்டர் தட்டும் சத்தம். அது மட்டும்தான். லாஸ் ஏஞ்சல்ஸ் சன்செட் பூல்வார்டில் ஒரு உயரமான கட்டடம், அதன் மேல் மாடி ஒன்றில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து ஒருவர் வேகவேகமாகத் தட்டிக்கொண்டிருக்கிறார். கீழே சாலையில் ஒரு விலையுயர்ந்த கார் வருகிறது. இன்ஜின் சத்தம் கேட்கவில்லை, டிராஃபிக் சத்தம் கேட்கவில்லை. கார் நிற்கிறது, ஒருவர் இறங்குகிறார், லிஃப்டில் ஏறுகிறார். இத்தனைக்கும் காதில் விழுவது அந்த ‘டக் டக் டக்’ மட்டுமே. கதவு திறக்கிறது. எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தால் முகத்துக்கு நேராகத் துப்பாக்கி.

அடுத்த நொடி எழுதுபவர் சிரித்துவிடுகிறார். வந்தவர் அவருடைய பார்ட்னர். துப்பாக்கியில் குண்டு இல்லை, சும்மா விளையாட்டு. ஆனால், வந்தவர் இன்னும் சில மணி நேரத்தில் நிஜமாகவே சுடப்போகிறார்.

1971 செப்டம்பர் 15, புதன்கிழமை இரவு அமெரிக்காவின் என்பிசி சேனலில் ஒளிபரப்பான ‘மர்டர் பை தி புக்’ எபிசோட் இப்படித்தான் தொடங்குகிறது. ‘கொலம்போ’ துப்பறியும் தொடரின் முதல் சீசனில் முதலில் வந்தது இதுதான். (இலங்கையின் கொழும்புக்கும் இந்த லெப்டினன்ட் கொலம்போவுக்கும் பெயர் ஒற்றுமை தவிர சம்பந்தம் எதுவும் இல்லை. அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸில் கொலை வழக்குகளைப் பார்க்கும் இத்தாலிய வம்சாவளி அதிகாரி.) இயக்கியவர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். அப்போது அவருக்கு வயது 24. 1997-ல் ‘டிவி கைட்’ பத்திரிகை அமெரிக்க டிவியின் தலைசிறந்த 100 எபிசோடுகளைப் பட்டியலிட்டபோது, இதற்கு 16-வது இடம் கொடுத்தது.

யார் கொன்றது, எப்படிக் கொன்றது, எதற்காகக் கொன்றது என்று எல்லாவற்றையும் முதல் கால் மணி நேரத்திலேயே சொல்லிவிடும் ஒரு கதையை மக்கள் 50 வருடங்களுக்கு மேலாகத் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஏன்?

முடிவில் தொடங்கும் கதை

துப்பறியும் கதை என்றால் நமக்குத் தெரிந்த ஃபார்முலா ஒன்று உண்டு. பிணம் கிடக்கும், ஐந்தாறு பேர் மேல் சந்தேகம் வரும், கடைசி அத்தியாயத்தில் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, “கொலையாளி இவர்தான்” என்று துப்பறிவாளர் விரல் நீட்டுவார். ‘கொலம்போ’ இதைத் தலைகீழாக்கியது. கொலையைப் பார்வையாளர்கள் கண்ணாரப் பார்க்கிறார்கள். தெரியாமல் இருப்பவர் போலீஸ்காரர் மட்டும்தான். ‘பாபநாசம்’ பார்த்தவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. உண்மை நமக்குத் தெரியும், போலீஸுக்குத் தெரியவருமா என்பதுதான் அங்கே படபடப்பு.

இந்த உத்தி டிவி கண்டுபிடித்ததும் அல்ல. ஆங்கில எழுத்தாளர் ஆர். ஆஸ்டின் ஃப்ரீமன் 1912-ல் வெளியிட்ட ‘தி சிங்கிங் போன்’ தொகுப்பிலேயே குற்றத்தை முதலில் காட்டிவிட்டு, துப்பறிவதைப் பிறகு சொல்லும் கதைகள் இருந்தன. தஸ்தயேவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலும் ஒரு வகையில் இதேதான். ரஸ்கோல்னிகோவ் கொலை செய்வதை நாம் பார்க்கிறோம். விசாரணை அதிகாரி போர்ஃபிரி பேசிப் பேசியே அவரை நெருங்குகிறார். கொலம்போவை உருவாக்கிய ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்க்கும், போர்ஃபிரியிடமிருந்துதான் தங்கள் ஆள் பிறந்தார் என்று வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள்.

கொலம்போ ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1960-ல் ஒரு டிவி நாடகத்தில் பெர்ட் ஃப்ரீட் என்ற நடிகர் இந்த வேடத்தில் வந்துபோனார். 1962-ல் அது மேடை நாடகமானது, தாமஸ் மிட்செல் நடித்தார். அங்கே கதாநாயகன் கொலை செய்யும் டாக்டர்தான், போலீஸ்காரர் இரண்டாம் பட்சம். ஆனால், கைதட்டல் என்னவோ போலீஸ்காரருக்கே விழுந்தது. 1968-ல் டிவி படமாக எடுத்தபோது முதலில் பிங் கிராஸ்பியைக் கேட்டுப்பார்த்தார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் பீட்டர் ஃபாக் வந்தார். கசங்கிய மழைக்கோட்டு அவர் சொந்தமாக வைத்திருந்தது. சிறுவயதில் புற்றுக்கட்டியால் வலது கண்ணை இழந்தவர் அவர். கொலம்போவின் அந்தக் கோணலான பார்வைக்கு ஒரு காரணம் அது. 1971 மார்ச்சில் இன்னொரு சோதனைப் படமும் ஒளிபரப்பாகி, செப்டம்பரில் தொடர் தொடங்கியது.

எழுதாத எழுத்தாளர்

இந்த எபிசோடில் வரும் இருவரும் மர்ம நாவல் எழுதும் ஜோடி. ஜிம் ஃபெரிஸ், கென் ஃபிராங்க்ளின். ‘மிஸஸ் மெல்வில்’ என்ற வயதான பெண் துப்பறிவாளரை வைத்து வரிசையாக நாவல்கள் எழுதி, இரண்டு பேர் பெயரும் அட்டையில் வந்து, காசு கொட்டுகிறது. ஆபீஸ் சுவரில் மிஸஸ் மெல்வில்லின் படம் தொங்குகிறது.

உண்மை என்னவென்றால், கென் பல வருடங்களாக ஒரு வரிகூட எழுதவில்லை. எழுதுவது முழுக்க ஜிம். கென் நன்றாகப் பேசுவார், நன்றாக உடுத்துவார், பேட்டி கொடுப்பார், புத்தகத்தை விற்பார். இந்த ஏற்பாடு ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ஜிம்முக்குத் தனியாக, கொஞ்சம் கனமான நாவல் எழுத ஆசை வந்துவிட்டது. “இத்தோட போதும், பிரிஞ்சுக்கலாம்” என்கிறார். ஜிம்முக்கு இது விடுதலை. கென்னுக்கோ பிழைப்பே போகும் விஷயம். ஆடம்பரச் செலவு பழகிவிட்டது, எழுத வராது. அதோடு, இருவர் பேரிலும் இன்ஷூரன்ஸ் வேறு இருக்கிறது.

கோபத்தில் செய்யும் கொலை அல்ல இது. தன் முகமூடி கழன்றுவிடும் என்ற பயத்தில் செய்வது. கென்னாக நடித்த ஜாக் கேஸிடி இதை அருமையாகப் பிடித்திருப்பார். பல்வரிசை தெரியச் சிரித்துக்கொண்டே இருப்பார், கண் மட்டும் சிரிக்காது. பிராட்வே மேடையிலிருந்து வந்தவர், டோனி விருது வாங்கியவர். பிறகு மேலும் இரண்டு எபிசோடுகளில் வேறு வேறு கொலையாளியாக வந்தார். கொலம்போவுக்கு வாய்த்த மிகச் சிறந்த எதிரி யார் என்று கேட்டால் ரசிகர்கள் சொல்லும் முதல் சில பெயர்களில் அவர் பெயர் நிச்சயம் இருக்கும்.

ஒரு போன் கால்

கென்னின் திட்டம் இதுதான். “சண்டை வேணாம், என் ஏரிக்கரை வீட்டுக்குப் போய் வீக் எண்டைக் கழிப்போம்” என்று ஜிம்மைக் கூப்பிடுகிறார். அந்த வீடு இருப்பது லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து தெற்கே, சான் டியாகோ பக்கம். கிளம்பும்போது எதையோ மறந்துவிட்டதாகச் சொல்லி ஆபீஸுக்குத் திரும்பி ஓடுகிறார். அங்கே மேசை நாற்காலியைக் கவிழ்த்து, யாரோ புகுந்து கலைத்ததுபோல் செய்துவிட்டு வருகிறார். ஏரிக்கரைக்குப் போனதும் ஜிம்மிடம், “வீட்டுக்கு ஒரு போன் போட்டு, ஆபீஸ்ல வேலை இருக்கு, லேட்டாகும்னு சொல்லிடு” என்கிறார். ஜிம் மனைவி ஜோனாவிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே சுடுகிறார்.

ஜோனாவின் காதில் விழுவது கணவன் ஆபீஸில் இருந்து பேசும் குரல், பிறகு துப்பாக்கிச் சத்தம். அவ்வளவுதான். போலீஸ் ஆபீஸுக்கு ஓடுகிறது. அறை அலங்கோலமாகக் கிடக்கிறது, ஆளைக் காணோம். அந்த நேரத்தில் கென் 100 மைலுக்கு அப்பால் இருந்திருக்கிறார்.

இதன் அழகு எதில் இருக்கிறது என்றால், பொய்சாட்சி சொல்ல யாரையும் ஏற்பாடு செய்யவில்லை. சாட்சி உண்மையையே சொல்கிறார். ஜோனா கேட்டதெல்லாம் உண்மை, ‘எங்கிருந்து’ என்ற ஒன்று மட்டும் தப்பு. 1971-ல் வீட்டு டெலிபோன் அடித்தால் யார் கூப்பிடுகிறார்கள், எங்கிருந்து கூப்பிடுகிறார்கள் என்று எடுப்பவருக்குத் தெரிய வழியில்லை. இன்று இதே திட்டத்தைப் போட்டால் திரையில் தெரியும் நம்பரும், செல்போன் டவர் பதிவும் பத்து நிமிடத்தில் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் காலத்திலும் ஏரிக்கரை வீட்டு டெலிபோன் பில் ஒன்று இருந்திருக்குமே என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்விதான். ஆனால், கொலம்போ கடைசியில் கென்னைப் பிடிப்பது பில்லைக் காட்டி அல்ல.

ஆம்லெட் போடும் போலீஸ்காரர்

ஹீரோவின் அறிமுகக் காட்சி எப்படி இருக்க வேண்டும் என்று நம் சினிமா ஒரு பழக்கம் ஏற்படுத்தி வைத்திருக்கிறது. இங்கே ஆபீஸ் வராந்தாவில் கலங்கிப்போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் ஜோனாவின் பக்கத்தில் ஒருவர் வந்து நிற்கிறார். அதுதான் அறிமுகம். மற்ற போலீஸ்காரர்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்டு அவரைக் களைக்கவைத்திருக்கிறார்கள். கொலம்போ அவரை வீட்டுக்கு அழைத்துப்போய், சாப்பிட்டீர்களா என்று விசாரித்து, சமையலறைக்குள் நுழைந்து முட்டையை உடைத்து ஆம்லெட் போட ஆரம்பித்துவிடுகிறார்.

இது பாசமா, தந்திரமா? இரண்டும்தான். ஜோனா மனம்விட்டுப் பேசுவது அந்தச் சமையலறையில்தான். ஜிம்மைப் பற்றி, கென்னைப் பற்றி, யார் எழுதுவது என்பதைப் பற்றியெல்லாம் வழக்கு முழுக்க கொலம்போவுக்குத் தெரியவருவது அவர் மூலமே. மிரட்டிக் கேட்டிருந்தால் இதில் பாதிகூட வந்திருக்காது. தொடர் முழுக்க கொலம்போ துப்பாக்கியைத் தூக்கியதாகவோ, யாரையும் கை நீட்டி அடித்ததாகவோ ரசிகர்கள் நினைவில் காட்சி எதுவும் கிடையாது. மனைவியைப் பற்றிப் பேசுவார், பேனாவைத் தேடுவார், வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து “இன்னொண்ணு கேக்கணும்” என்பார். (எல்லோருக்கும் பிடித்த அந்தச் சோம்பேறி நாய் இந்த எபிசோடில் இல்லை. அது அடுத்த சீசனில்தான் வந்து சேர்ந்தது.)

அவருக்கு முதலில் உறுத்தியது மிகச் சின்ன விஷயம். பார்ட்னருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தெரிந்ததும் கென் சான் டியாகோவிலிருந்து காரில் திரும்பி வருகிறார். அவ்வளவு பதற்றத்தில் இருக்கும் ஒருவர் விமானத்தைப் பிடித்திருக்க மாட்டாரா? பிளேனில் வந்தால் அரை மணி நேரத்துச் சமாச்சாரம். கார்தான் வேண்டும் என்றால், காரில் ஏதோ இருந்திருக்க வேண்டும். இருந்தது. டிக்கியில் ஜிம்மின் உடல்.

அந்த உடலைக் கென் தன் வீட்டுப் புல்வெளியிலேயே போடுகிறார். கூலிக்குக் கொலை செய்யும் கும்பல் ஒன்று தன்னையும் எச்சரிப்பதுபோல் காட்டுவதற்காக. பிறகு போலீஸுக்குப் போன் செய்துவிட்டுக் காத்திருக்கும் நேரத்தில், வந்திருந்த தபால்களைப் பிரித்துப் பார்த்துவிடுகிறார். பல வருட நண்பனின் பிணம் வாசலில் கிடக்கும்போது லெட்டர் பிரிக்கத் தோன்றுமா? கொலம்போ அதைக் குற்றச்சாட்டாகச் சொல்வதில்லை. ‘மனுஷங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி’ என்கிற தொனியில் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார். கென்னும் சிரித்துக்கொண்டே ஏதோ பதில் சொல்கிறார். ஆனால், வேறு எந்தக் கொலையாளியையும்போல அவரும் கேட்கப்படாத கேள்விகளுக்கும் விளக்கம் தரத் தொடங்கிவிடுகிறார்.

லில்லி

இதுவரை நடந்தது ஒரு புத்திசாலித்தனமான விளையாட்டு மாதிரிதான் இருக்கிறது. எபிசோடின் கனம் கூடுவது லில்லி லா சாங்கா என்ற பெண் கதைக்குள் வந்தபிறகு.

கென்னின் ஏரிக்கரை வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு சின்ன மளிகைக்கடை நடத்துகிறார் லில்லி. கணவனை இழந்தவர், தனிமையில் இருப்பவர், கென் என்றால் ஒரு மயக்கம். கொலை நடந்த அன்று கென் அவர் கடையில் நிற்கிறார். ஜிம் காரிலேயே இருக்கிறார். லில்லியின் கண்ணில் ஜிம் படவில்லை என்று கென் நினைத்துக்கொள்கிறார். லில்லி பார்த்துவிட்டார்.

அவர் பிளாக்மெயில் செய்கிறார், 15,000 டாலர் கேட்கிறார். ஆனால், அதைக் கேட்கும் விதம்தான் மனதில் நிற்கிறது. பார்பரா கோல்பி என்ற நடிகை இந்த வேடத்தைச் செய்திருக்கிறார். மிரட்டல்காரியின் குரல் அல்ல அது. வெட்கப்பட்டுக்கொண்டு, கொஞ்சம் ஆசையோடு, பணத்தோடு சேர்த்து அவருடைய கவனத்தையும் கேட்கும் குரல். பணம் ஒரு சாக்கோ என்றுகூடத் தோன்றும். கென் அதைப் புரிந்துகொண்டு, பணமும் ஷாம்பெயினுமாக அவர் கடைக்கு வருகிறார். லில்லிக்குத் தன் வாழ்நாளின் நல்ல மாலைப்பொழுது அது. அந்த ஷாம்பெயின் பாட்டிலாலேயே அவரை அடித்துக் கொன்று, படகில் கொண்டுபோய் ஏரியில் போட்டுவிடுகிறார் கென்.

ஜிம்மின் கொலையைப் பார்க்கும்போது ‘அட, என்ன மூளை’ என்று நினைத்தவர்களுக்கு இங்கே தொண்டை அடைக்கும். தொடர் தன் பார்வையாளர்களுக்கு வைத்த பொறி இது என்றே சொல்லலாம். கொலையாளியோடு சேர்ந்து திட்டத்தை ரசித்துக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று விலகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கடையில் கொலம்போவுக்கு ஒரு ஷாம்பெயின் கார்க் கிடைக்கிறது. தனியாக இருக்கும் ஒருவர் ஷாம்பெயின் உடைத்துக் கொண்டாடுவாரா? கென் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மிஸஸ் மெல்வில் நாவலும் அங்கே இருக்கிறது.

ஒரு துண்டுக் காகிதம்

க்ளைமாக்ஸில் கென் ஆபீஸைக் காலி செய்துகொண்டிருக்கிறார். கொலம்போ வருகிறார். இரண்டு கொலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததாகச் சொல்கிறார். இரண்டாவது கொலை அரைகுறை வேலை. அவசரம், தடயம், பதற்றம். முதலாவதோ பிசிறில்லாமல் யோசித்துச் செய்தது. இரண்டையும் ஒரே மூளை யோசித்ததுபோல் இல்லையே? கென்னுக்குக் கதை யோசிக்க வராது என்பது இப்போது தெரிந்துவிட்டது. அப்படியானால் அந்த முதல் ஐடியா எங்கிருந்து வந்தது?

ஜிம்முக்கு ஒரு பழக்கம் இருந்ததை ஜோனா சொல்லியிருந்தார். எந்த ஐடியா காதில் விழுந்தாலும் கையில் கிடைக்கும் துண்டுக் காகிதத்தில் குறித்துவைப்பார். கொலம்போ அத்தனை காகிதத்தையும் துழாவியிருக்கிறார். கிடைத்துவிட்டது. ஒருவரை ஒதுக்குப்புறமான வீட்டுக்கு அழைத்துப்போய், ஆபீஸில் இருப்பதாக மனைவிக்குப் போன் செய்யவைத்து, பேசும்போதே சுடுவது. நடந்ததெல்லாம் அப்படியே ஜிம்மின் கையெழுத்தில்.

இதை வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியுமா? நேர்மையாகச் சொன்னால், கஷ்டம். இரண்டு பேர் பகிர்ந்துகொண்ட ஆபீஸில் கிடைத்த ஒரு கதைக்குறிப்பு, ஒரு கார்க், கையெழுத்திட்ட ஒரு நாவல். நல்ல வக்கீல் ஒருவர் இதைக் கோர்ட்டில் கிழித்துப்போட்டுவிடுவார். கொலம்போவின் பல எபிசோடுகளைப் பற்றி இந்தப் புகார் உண்டு, இது மறைக்கக்கூடிய குறையும் அல்ல.

ஆனால், கென் மறுக்கவில்லை. அவர் சொல்லும் பதிலில்தான் இந்த எபிசோடின் முழு விஷயமும் இருக்கிறது. அந்த ஐடியா ஜிம்முடையது அல்ல, தன்னுடையது என்கிறார். தனக்கு வந்த ஒரே நல்ல ஐடியா அதுதானாம். ஐந்து வருடத்துக்கு முன்பு ஜிம்மிடம் சொன்னாராம், அவர் அதையும் எழுதிவைத்திருப்பார் என்று யார் கண்டது என்று அலுத்துக்கொள்கிறார்.

யோசித்துப் பாருங்கள். வாயைத் திறக்காமல் இருந்தால் தப்பிக்க வாய்ப்பு உண்டு. ஜிம்முடைய ஐடியா என்று கொலம்போ நினைத்தால் நினைக்கட்டும் என்று விட்டிருக்கலாம். அவரால் விடமுடியவில்லை. இத்தனை வருடம் இன்னொருவர் எழுதியதில் தன் பெயரைப் போட்டுக்கொண்டவருக்கு, தான் யோசித்த ஒன்றே ஒன்றில் இன்னொருவர் பெயர் வருவதைப் பொறுக்க முடியவில்லை. சாட்சியைவிட இந்தச் சுயமரியாதைதான் அவரை மாட்டிவிடுகிறது.

இரண்டு பேர், ஒரு பெயர்

இந்தக் கதை யாருக்குச் சொல்லப்பட்டது என்று பார்த்தால் ஒரு வேடிக்கை புரியும். கொலம்போவை உருவாக்கிய லெவின்சனும் லிங்க்கும் ஃபிலடெல்ஃபியாவில் பள்ளிக்கூட நாட்களிலேயே நண்பர்களானவர்கள், அன்றிலிருந்து சேர்ந்தே எழுதியவர்கள். அவர்கள் முதல் சிறுகதை வந்தது ‘எலரி குயின்’ஸ் மிஸ்டரி மேகஸீன்’ பத்திரிகையில். எலரி குயின் என்பதே ஃபிரெடெரிக் டானே, மேன்ஃபிரெட் லீ என்ற இரண்டு ஒன்றுவிட்ட சகோதரர்கள் சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயர். டானே கதையைப் பின்னுவார், லீ அதை எழுதுவார். யாருடைய பங்கு பெரிது என்று அவர்களுக்குள் கடுமையான சண்டைகள் நடந்ததுண்டு. அப்படிப்பட்ட ஜோடிகளைப் பார்த்து வளர்ந்த ஒரு ஜோடியின் தொடரில், முதல் எபிசோடிலேயே ஒரு எழுத்தாளர் தன் பார்ட்னரைச் சுட்டுத்தள்ளுகிறார்!

அந்த எபிசோடை எழுதியது அவர்கள் இருவரும் அல்ல. ஸ்டீவன் போச்கோ என்ற 27 வயது இளைஞர், தனியாக. பின்னாளில் ‘ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்’, ‘என்ஒய்பிடி ப்ளூ’ என்று அமெரிக்க போலீஸ் தொடர்களின் முகத்தையே மாற்றியவர் இவர்தான். 1972 எம்மி விருதுக்கு இந்த எபிசோடின் எழுத்து பரிந்துரைக்கப்பட்டது. அந்தப் பிரிவில் போட்டியிட்ட மூன்றுமே கொலம்போ எபிசோடுகள். விருது லெவின்சன் - லிங்க் எழுதிய ‘டெத் லெண்ட்ஸ் எ ஹேண்ட்’ எபிசோடுக்குப் போனது.

1987-ல் மாரடைப்பால் லெவின்சன் இறந்தார். வயது 52. அதிகம் புகைபிடித்தவர். லிங்க் அதன்பிறகு ‘தி பாய்ஸ்’ என்ற டிவி படத்துக்குக் கதை எழுதினார். அதுவும் சேர்ந்து எழுதும் இரண்டு நண்பர்களைப் பற்றியது. அதில் ஒருவரை மற்றவரின் சிகரெட் புகை நோயாளியாக்குகிறது.

பொடியன் டைரக்டர்

ஸ்பீல்பெர்க் அப்போது யுனிவர்சல் ஸ்டுடியோவில் ஒப்பந்த இயக்குநர். ஒரு சில டிவி எபிசோடுகள்தான் எடுத்திருந்தார். இந்தப் பொடியனா நம் தொடரை இயக்குவது என்று தயங்கிய ஃபாக், வேலையைப் பார்த்ததும் மாறிவிட்டார். கொலம்போவுக்கெல்லாம் இவர் ரொம்ப அதிகம் என்று தயாரிப்பாளர்களிடம் சொன்னதாகப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

அந்தக் கால டிவியில் முகத்தை முகத்தைக் காட்டி வேகமாக எடுத்து முடிப்பதுதான் வழக்கம். ஸ்பீல்பெர்க் கேமராவைத் தள்ளிவைத்தார். அனுபவஸ்தரான ஒளிப்பதிவாளர் ரஸல் மெட்டி உடன் இருந்தார். தொடக்கத்தில் டைப்ரைட்டர் சத்தத்தை மட்டும் ஓடவிட்டது வெறும் ஸ்டைலுக்காக அல்ல. ஜிம் உழைத்துக்கொண்டிருக்கும்போது கென் காரில் வந்து இறங்குகிறார் என்ற கதையின் மையம், வசனமே இல்லாமல் அந்த ஒரு நிமிடத்தில் சொல்லப்பட்டுவிடுகிறது. இசையமைப்பாளர் பில்லி கோல்டன்பெர்க் அந்தத் தட்டலையே இசைக்குள்ளும் கொண்டுவந்தார். இரண்டே மாதத்தில் ஸ்பீல்பெர்க்கின் ‘டூயல்’ டிவியில் வந்தது. 1975 ஜூனில் ‘ஜாஸ்’ தியேட்டர்களுக்கு வந்து உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தது.

வெனிஸ், ஜூலை 1975

‘ஜாஸ்’ அமெரிக்கத் தியேட்டர்களில் ஓடிக்கொண்டிருந்த அதே கோடையில், லில்லியாக நடித்த பார்பரா கோல்பிக்கும் நல்ல காலம் தொடங்கியிருந்தது. மேடை நாடகங்களில் மதிக்கப்பட்டவர், ‘தி மேரி டைலர் மூர் ஷோ’வில் வந்துபோன சின்ன வேடத்தால் கவனிக்கப்பட்டு, ‘ஃபிலிஸ்’ என்ற புதிய நகைச்சுவைத் தொடரில் நிரந்தர வேடம் பெற்றிருந்தார். மூன்று எபிசோடுகள் படமாகிவிட்டன.

1975 ஜூலை 24 இரவு, லாஸ் ஏஞ்சல்ஸின் வெனிஸ் பகுதியில் நடிப்பு வகுப்பு ஒன்றை முடித்துவிட்டு, சக நடிகர் ஒருவரோடு கார் நிறுத்துமிடத்துக்கு நடந்து வந்தார். இரண்டு பேர் அவர்களைச் சுட்டார்கள். கோல்பி அங்கேயே இறந்தார். வயது 36. உடன் வந்தவர் உயிர் பிரிவதற்கு முன் போலீஸிடம் பேசினார். சுட்டவர்களை முன்பின் பார்த்ததில்லை, சுட்டதற்குக் காரணம் எதுவும் இல்லை என்றார். எதுவும் திருடப்படவில்லை.

‘ஃபிலிஸ்’ தொடரில் அவருடைய வேடத்தை லிஸ் டோரஸ் ஏற்று நடித்தார். அடுத்த ஆண்டு டிசம்பரில் ஜாக் கேஸிடியும், தன் வீட்டில் சிகரெட்டால் பற்றிய தீயில் சிக்கி இறந்தார். ‘மர்டர் பை தி புக்’ இப்போதும் மறுஒளிபரப்பாகிறது, டிஸ்க்கிலும் கிடைக்கிறது. லில்லியைக் கொன்றவரை ஒரு ஷாம்பெயின் கார்க்கை வைத்து கொலம்போ நெருங்குவதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். பார்பரா கோல்பியைக் கொன்றவர்கள் யார் என்று அதே லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸால் கண்டுபிடிக்க முடியவில்லை. யாரும் கைது செய்யப்படவில்லை.